‘ஐ’யும் ‘ஓ’வும் தோட்டத்தில் இருக்கின்றன

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து மோட்டார் சைக்கிளில் ஒரு விளையாட்டு விளையாடுகிறோம். இலங்கை மலையக ஊர்களுக்கு அகர வரிசைப்படி போய், ஊர்ப் பெயர்ப்பலகையும் வண்டியும் ஒரே படத்தில் விழும்படி எடுக்க வேண்டும். அக்கரப்பத்தனையில் தொடங்கினோம். ‘ஐ’, ‘ஓ’ இரண்டுக்கும் ஊர் கிடைக்கவில்லை, விட்டுவிடலாமா? ஹட்டனை ‘அ’வில் சேர்ப்பதா, ‘ஹ’வில் சேர்ப்பதா?
- வாசகர் ஒருவர், கொட்டகலை

பதில்: விட்டுவிடாதீர்கள், தம்பிமாரே. பண்டாரவளைப் பக்கம் ஐஸ்லபி இருக்கிறது. சாமிமலைப் பக்கம் ஓல்டன் இருக்கிறது. இரண்டும் தேயிலைத் தோட்டங்கள். பஸ் நிலையமும் கடைவீதியும் உள்ள இடம்தான் ஊர் என்று நீங்களாகவே முடிவு செய்துவிட்டீர்கள். கொட்டகலையில் இருந்துகொண்டு இப்படிச் செய்யலாமா? சம்பள நாளில் அந்தக் கடைவீதியை நிரப்பும் ஜனம் எங்கிருந்து இறங்கி வருகிறது?

தோட்டத்தை ஊராக எண்ணாத பழக்கம் உங்களோடு தொடங்கியதல்ல. உள்ளூராட்சி மன்றங்களான பிரதேச சபைகளுக்கான 1987ஆம் ஆண்டின் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டித்தான், தோட்டக் குடியிருப்புக்குச் சபைப் பணத்தில் பாதை போட முடியாது என்று சொல்லி வந்தார்கள். வாக்குக் கேட்க லயத்து வாசல் வரை, தொழிலாளர் குடியிருக்கும் அந்த வரிசை வீடுகள் வரை, வந்தவர்கள், வென்ற பிறகு அந்தப் பிரிவின் பின்னால் நின்றுகொண்டார்கள். 2018இல்தான் திருத்தம் வந்தது. முப்பது ஆண்டுகள்! ஒரு தலைமுறை பள்ளிக்கூடம் போய், கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்றுவிட்டது.

முகவரி விஷயம் இதைவிடக் கொடுமை. இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது. லயத்து வீட்டுக்கு இலக்கமும் இல்லை, தெருப்பெயரும் இல்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கே கிடந்து, யார் கையிலாவது வந்து சேர வேண்டும். நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அழைப்புக் கடிதத்தைப் பிரித்த பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஆகவே பட்டியலைத் திருத்துங்கள். ‘ம’வில் மஸ்கெலியாவுக்கு முன்னால் மடக்கொம்பரை வரட்டும். வட்டக்கொடைக்கு அருகில் உள்ள அந்தத் தோட்டத்தில்தான் 1914இல் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை பிறந்தார். 1947இல் தலவாக்கலைத் தொகுதி அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்து, அவருக்கு வாக்களித்த மக்களை நாடற்றவர்களாக்கியது. ‘மு’வுக்கு முல்லோயா. 1940இல் தொழிலாளி கோவிந்தன் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த தோட்டம் அது. அங்கே போனால் படம் எடுத்த உடனே திரும்பிவிடாமல், பெரியவர்கள் யாராவது இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள்.

அகர வரிசை என்ற விதியை மட்டும் தளர்த்தாதீர்கள். அருமையான விதி. பண்டாரவளை, பதுளை என்று அருகருகே போய்க்கொண்டிருப்பவரை அடுத்த எழுத்து மலை முழுவதும் கடந்து புசல்லாவைக்கு வரவைக்கும். அதன் பிறகு பூண்டுலோயா. அழகான இடமாகப் பார்த்துப் போகிறவர்கள் தெமோதரைப் பக்கம் ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் பிடித்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். பூண்டுலோயாவுக்கு அவர்கள் எந்த நாளில் வரப்போகிறார்கள்? இன்னொன்று: நாவலப்பிட்டிக்குப் பிறகுதான் நானுஓயா. னகரம் கடைசி எழுத்து. ரயில் பாதையும் அந்த ஒழுங்கில்தான் ஏறுகிறது.

தோட்ட வாயிலில் இருக்கும் பலகை பல இடங்களில் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும். அதையும் இருக்கிறபடியே எடுங்கள். தமிழ் இல்லாத பலகைகளைத் தனியாக அனுப்பினால் இதே பக்கத்தில் ஒவ்வொன்றாகப் பிரசுரிக்கிறேன். கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேட்காமல் படத்தில் சேர்க்காதீர்கள். அவர்கள் கூடையையும் சிரிப்பையும் கொண்டுபோய் நாள்காட்டியில் போட்டவர்கள் ஒருவர் பெயரையாவது கேட்டு எழுதியதுண்டா? நீங்கள் கேளுங்கள், பெயரோடு அனுப்புங்கள். மழை விட்ட கையோடு தோட்டப் பாதையில் வண்டியை ஏற்ற வேண்டாம். கல் பெயர்ந்து கிடக்கும்.

ஹட்டனா, அட்டனா என்றால், எந்தப் பலகையின் கீழ் வண்டியை நிறுத்துகிறீர்களோ அந்தப் பலகையின் முதலெழுத்தில் சேருங்கள்.