மடிக்கணினிக்கு எஸ்எஸ்டி பூட்டக் கூலி கொடுக்க வேண்டுமா?

புதுக்குடியிருப்பில் ஆசிரியராக இருக்கும் நீங்கள், பழைய மடிக்கணினிக்கு ரேமும் (தற்காலிக நினைவகம்) எஸ்எஸ்டியும் (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் பூட்டும் வேகமான சேமிப்பகம்) நீங்களே பூட்டலாமா, கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ கொண்டுபோய்க் கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ரேமுக்குக் கூலி வேண்டியதில்லை. எஸ்எஸ்டிக்குக் கொடுக்கலாம், ஆனால் எந்த வேலைக்குக் கொடுக்கிறீர்கள் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

ரேமில் முதலில் கவனிக்க வேண்டியது வகை. மடிக்கணினிக்கான டிடிஆர்3 துண்டில் 204 முனைகளும் டிடிஆர்4 துண்டில் 260 முனைகளும் இருப்பதால், ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. மின்கலத்தின் இணைப்பைக் கழற்றிவிட்டு, துண்டைச் சரிவாகச் செருகி, இரு பக்கத்துக் கொளுவிகளும் 'டிக்' என்று பிடிக்கும்வரை கீழே அழுத்தினால் வேலை முடிந்தது. சில மெல்லிய மடிக்கணினிகளில் ரேம் தாய்ப்பலகையிலேயே (மதர்போர்டு) பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. அதையும் வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்எஸ்டியைப் பூட்டுவதும் கடினமன்று, 2.5 அங்குல வகையென்றால் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே அது இருந்துவிடும். கூலிக்குரிய வேலை, பழையதில் உள்ளதை அப்படியே புதியதற்கு மாற்றுவதுதான். பல கடைகளில் அதைச் செய்யாமல், விரைவாக முடியும் என்பதற்காகப் புதிதாக விண்டோஸ் போட்டுத் தந்துவிடுகிறார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு இதனால் வரும் தொல்லை சிறியதன்று: பாமினியில் தட்டச்சுச் செய்த வினாத்தாள்களைத் திறந்தால், அந்த எழுத்துரு புதிய விண்டோஸில் இல்லாததால், திரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். எழுத்துருவை மீண்டும் நிறுவினால் சரியாகிவிடும் என்றாலும், பரீட்சைக்கு முதல்நாள் இரவில் அதைத் தேடி அலைவது யாருக்கும் வேண்டாத வேலை. ஆகவே 'குளோன் செய்து தாருங்கள்', அதாவது பழையதை அப்படியே நகலெடுத்துத் தாருங்கள் என்று தெளிவாகக் கேளுங்கள்.

புதிதாகத்தான் போட வேண்டுமென்றால், உரிமம் பெற்ற விண்டோஸ் ஏற்கெனவே இருந்ததா என்று முதலில் பாருங்கள். டிஜிட்டல் உரிமம் பெரும்பாலும் தாய்ப்பலகையோடு இணைந்திருப்பதால், டிஸ்கை மாற்றினாலும் அதே பதிப்பு தானாகவே செயற்படும். கடைக்காரர் வேறு பதிப்பின் திருட்டுப் பிரதியை ஏற்றிவிட்டால் காசு கொடுத்து வாங்கிய உரிமம் பயன்படாமற் கிடக்கும்.

கொடுப்பதற்கு முன் ரேமின் அளவையும் டிஸ்கின் தொடரிலக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பெறும்போது, கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் எஸ்எஸ்டி ஓடிய மணித்தியாலங்களைக் காட்டச் சொல்லுங்கள். புதியதென்று விற்றதில் ஆயிரக்கணக்கில் இருந்தால் அது ஏற்கெனவே பாவித்தது. பழைய ஹார்ட் டிஸ்கைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் பொருள், அதில் பிள்ளைகளின் விவரங்களும் இருக்கும்.

இன்னொன்று: விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். உங்களுடையது டிடிஆர்3 காலத்து இயந்திரமென்றால் அது பெரும்பாலும் இருக்காது, ஆகவே ரேமில் காசைப் போடாதீர்கள். எஸ்எஸ்டியை மட்டும் வாங்கினால், நாளை வேறு கணினி எடுத்தாலும் அதைக் கழற்றி, புதியதில் அதற்கு இடமிருந்தால் பூட்டவோ யூஎஸ்பி உறையில் போட்டுப் பாவிக்கவோ முடியும்.