அப்பாவுக்கு பார்க்கின்சன், பல்லெல்லாம் பழுதாகுது, என்ன செய்யலாம்?

என்ட அப்பாவுக்கும் உந்த வருத்தம்தான், உவர்மலையில எங்களோடதான் இருக்கிறார். நான் டாக்குத்தர் இல்ல, வீட்டில பார்த்துப் பழகினதைச் சொல்றன். முதல் ரெண்டு வருசம் நடை, விழுகை, குளிசை எண்டே ஓடிட்டு, பல்லை ஒருத்தரும் யோசிக்கல்ல, பிறகு பார்த்தா கடைவாயில ரெண்டு சூத்தை.

பிரஷ்ஷை விட நேரம்தான் முக்கியம். எழும்பின உடன குடுத்தா கை விறைச்சுப்போய் நிக்கும், பேஸ்ட் சட்டையிலதான் விழும். லெவோடோபா, அதான் இந்த வருத்தத்துக்குக் குடுக்கிற முக்கியமான குளிசை, போட்டு முக்கால் மணித்தியாலம் போனா அதே கை ஓரளவு சொல்வழி கேக்கும், அதுக்குப் பிறகுதான் இப்ப பல்லுத் தீட்டுறது. பிரஷ் பிடி மெல்லிசா இருந்தா வழுக்கும், சைக்கிள் கடையில ஹாண்டில் கிரிப் ஒண்டு வாங்கி பிடியில துணி சுத்தி இறுக்கி மாட்டினன், நல்லா நிக்குது. கதிரையில இருந்து அவரே தீட்டுவார், கடைசியா உள்பக்கம் மட்டும் நான். பேஸ்ட்டில புளோரைட் 1450 பிபிஎம் இருக்கா எண்டு பாருங்க, தீட்டினாப்பிறகு துப்பினாக் காணும், தண்ணி விட்டுக் கொப்பளிச்சா அந்த மருந்தும் போயிடும்.

ஒருநாள் ராச்சாப்பாடு முடிஞ்சு ஒரு மணித்தியாலத்தால டோர்ச் அடிச்சுப் பார்த்தா சொக்கைக்குள்ள புட்டு உருண்டையா அப்பிடியே கிடக்கு, அவருக்கே தெரியல்ல. நாக்கும் சொக்கையும் மெதுவாகிறதால வாறது இது. பல்லுக்கு மட்டுமில்ல, படுக்கேக்க நெஞ்சுக்குள்ள போனா நிமோனியா வரைக்கும் போகும், படுக்க முதல் கட்டாயம் பாருங்க.

வீணி வடியுது, பிறகென்ன வாய் காயுறது எண்டு நானும் நினைச்சன். துப்பல் கூடி வடியிறதில்ல, விழுங்குறது குறைஞ்சுதான் வடியுது, பென்ஸெக்சோல் மாதிரிக் குளிசையள் வாயைக் காயவும் வைக்கும். அப்பா காயுது எண்டு நாள் முழுக்க டொபி சூப்பினவர், சூத்தைக்குக் காரணமே அதுதான் எண்டு நினைக்கிறன். இப்ப பக்கத்தில தண்ணிப் போத்தல், அடிக்கடி ஒரு மிடறு.

பல்லு டாக்குத்தரிட்டயும் குளிசை வேலை செய்யிற நேரமாப் பார்த்துப் போங்க. ஒரு இடத்தில கதிரையை முழுசாச் சாய்ச்சு தண்ணி அடிச்சு அப்பாக்குப் புரையேறி நாங்க பயந்தே போனம், அரைவாசிதான் சாய்க்கோணும் எண்டு முதலே சொல்லுங்க, முடிஞ்சாப்பிறகும் டக்கெண்டு எழுப்பவேணாம், பிரஷர் இறங்கித் தலை சுத்தும். உங்கட அப்பா என்ன குளிசை போடுறார் எண்டு கேள்வியில போடல்ல. செலிஜிலின், ரசாஜிலின் எண்ட பார்க்கின்சன் குளிசையள் இருந்தா, பல்லு விறைக்கிற ஊசி போட முதல் மருந்துத் துண்டைப் பல்லு டாக்குத்தரிட்டக் காட்டுங்க.