ஆடிஷனுக்கு எந்த உருப்படி?

கேள்வி: என் மகள் பள்ளியில் கடைசி வருடம். சின்ன வயதிலிருந்து மேற்கத்திய வயலின் படிக்கிறாள். கல்லூரி இசை உதவித்தொகைக்கான ஆடிஷனுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. பெரிய கான்செர்டோ (வாத்தியக் குழுவோடு ஒரு தனி வாத்தியம் வாசிக்கும் நீண்ட படைப்பு) ஒன்றைப் புதிதாக எடுத்து வாசிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவள் ஆசிரியரோ போன வருடம் முடித்ததே போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: ஆசிரியர் பேச்சைக் கேளுங்கள். ஐந்து மாதத்தில் புதுக் கான்செர்டோ விரலுக்கு வந்துவிடலாம், ஆனால் கை நடுங்கும்போதும் தானாக ஓடும் அளவுக்கு ஊறியிருக்காது. எதிரே உட்கார்ந்திருக்கும் பேராசிரியர்கள் அதை எத்தனையோ பேர் வாசித்துக் கேட்டவர்கள். சுருதி சுத்தமாக இருக்கிறதா, லயம் ஓடாமல் நிற்கிறதா, வில்லில் நாதம் எப்படி வருகிறது, இந்தப் பெண்ணுக்கு நாலு வருடம் சொல்லிக்கொடுக்கலாமா, இதைத்தான் பார்ப்பார்கள். முதல் ஓரிரு நிமிடத்திலேயே பாதி முடிவு செய்துவிடுவார்கள். நடுவில் ‘போதும்’ என்று நிறுத்துவது சகஜம், நன்றாக வாசிப்பவர்களையும் நிறுத்துவார்கள். இதை இப்போதே அவளிடம் சொல்லி வையுங்கள், அன்றைக்கு முகம் வாடிவிடக் கூடாது.

பெரும்பாலும் குணத்தில் மாறுபட்ட இரண்டு உருப்படிகள் கேட்பார்கள். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் தனி வயலின் படைப்பிலிருந்து ஒரு பகுதி, ஒரு கான்செர்டோவின் முதல் பகுதி என்று வைத்துக்கொண்டால் பல இடங்களுக்குப் பொருந்தும். ஆனாலும் ஒவ்வொரு கல்லூரியின் பட்டியலையும் தனித்தனியாகப் படியுங்கள். மனப்பாடமாக வாசிக்க வேண்டுமா, ஸ்கேலை (ஆரோகண அவரோகணம் போன்றது) எத்தனை ஆக்டேவ் (ஸ்தாயி) வாசிக்க வேண்டும் என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். கடைசித் தேதியும் அப்படித்தான், பொதுச் சேர்க்கைக்கு முன்பே முடிந்துவிடுவது உண்டு.

சாதகத்தில் ஒன்றை மட்டும் கட்டாயமாக்குங்கள். தினமும் வயலினை எடுத்ததும் சுருதி சேர்த்துவிட்டு, விரலைப் பழக்காமல், நேரே முதல் உருப்படியை முழுக்க வாசித்துப் பதிவு செய்யட்டும், தப்பு வந்தாலும் நிற்காமல். பத்தாவது தடவை நன்றாக வருவதால் ஆடிஷனில் ஒரு பயனும் இல்லை, அங்கே கிடைப்பது முதல் தடவை மட்டும்தான். சைட் ரீடிங்கும், அதாவது முன்பின் பார்க்காத இசைக்குறிப்பை அங்கேயே பார்த்து வாசிப்பதும், இதே கதைதான். வாசிக்கும் முன் கிடைக்கும் அரை நிமிடத்தில் கீ சிக்னேச்சர் (எந்தச் சுரங்கள் ஏறும், இறங்கும் என்று வரியின் தொடக்கத்தில் இருக்கும் குறி), தாளம், சிக்கலான ஒரு இடம், மூன்றையும் பார்த்துவிட்டு, மெதுவான டெம்போவில் ஆரம்பித்து, சுரம் தவறினாலும் லயத்தை விடாமல் போக வேண்டும்.

முதல் சுற்றுக்கு வீடியோ கேட்டால் ஃபோனை நம்பி விட்டுவிடாதீர்கள். பல ஃபோன்கள் மெல்லிய ஒலியைத் தானாகக் கூட்டி, பலத்த ஒலியைக் குறைத்துவிடும். அவள் பாடுபட்டுக் கொண்டுவந்த ஏற்ற இறக்கம் எல்லாம் தட்டையாகிவிடும். ஒலி அளவைத் தானாக மாற்றாமல், நாமே ஒரே அளவில் வைக்கக்கூடிய மைக் ஒன்றை இரவல் வாங்கினாலும் சரி, அதில் பதியுங்கள். முகமும் இரண்டு கைகளும் தெரிய, ஒவ்வொரு உருப்படியும் வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே மூச்சில்.

கேள்வி: நான் வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த ஒலியுள்ள வாத்தியம்) வாசிக்கிறேன், ஆனால் படிக்கப்போவது பொறியியல். எனக்கெல்லாம் இசை உதவித்தொகை கிடைக்குமா?

பதில்: கேட்டுப் பாருங்கள், தயங்கவே வேண்டாம். எல்லாக் கல்லூரியிலும் இல்லை. ஆனால் இசையை முதன்மைப் பாடமாக எடுக்காதவர்களுக்கும், ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்தால் தொகை தரும் கல்லூரிகள் இருக்கின்றன. ஆர்க்கெஸ்ட்ராவில் காலியாக இருக்கும் நாற்காலிகளை நிரப்புவதும் இந்தத் தொகையின் ஒரு நோக்கம். வியோலா, டபுள் பேஸ், ஊதும் வாத்தியங்களான ஓபோ, பஸ்ஸூன் வாசிப்பவர்களுக்குப் பல இடங்களில் தட்டுப்பாடு, புல்லாங்குழலுக்கும் பியானோவுக்கும் கூட்டம் அதிகம். அங்கே வியோலா சொல்லிக்கொடுக்கும் ஆசிரியருக்கு இப்போதே நாலு வரி எழுதி, ஒரு மாதிரி வகுப்பு எடுக்க முடியுமா என்று கேளுங்கள். ஆடிஷன் அன்று உங்களை அவருக்குத் தெரிந்திருக்கும், அவரிடம் படிக்க முடியுமா என்று உங்களுக்கும் தெரிந்துவிடும்.

தொகை கிடைத்தால் கையெழுத்துப் போடும் முன் நிபந்தனைகளைப் படியுங்கள். வருடா வருடம் புதுப்பிப்பார்களா, எத்தனை மதிப்பெண் வாங்க வேண்டும், வாரம் எத்தனை ஒத்திகை, பொறியியல் லேப் நேரமும் ஒத்திகையும் மோதினால் என்ன செய்வார்கள், எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.