ஆலிவ் எண்ணெயில் கலப்படம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: ஃப்ரிட்ஜில் வைத்த ஆலிவ் எண்ணெய் உறையவில்லை. போலிதானே?

ப: அப்படி முடிவு கட்ட முடியாது. உறைவது ஆலிவ் இனத்துக்கு இனம் மாறும்.

கே: ஆலிவ் எண்ணெயின் ஆய்வறிக்கையில் லினோலெனிக் அமிலம் (கொழுப்பமிலங்களில் ஒன்று) 2.4% என்று உள்ளது. விற்றவர் இயற்கையான வேறுபாடு என்கிறார்.

ப: ஏற்காதீர்கள். ஆலிவ் எண்ணெய்க்குத் தரம் வகுக்கும் சர்வதேச ஆலிவ் கவுன்சிலின் வரம்பு 1%. லினோலெயிக் அமிலமும் (பெயர் ஒத்த வேறொரு கொழுப்பமிலம்) பெரிதும் ஏறியிருந்தால் சோயா எண்ணெயையும், அவ்வளவாக ஏறாதிருந்தால் கடுகினத்தைச் சேர்ந்த கனோலா எண்ணெயையும் சந்தேகிக்கலாம். கடுகின எண்ணெய்களில் காணப்படும் பிராசிகாஸ்டெரால் என்னும் ஸ்டெரால் (எண்ணெயில் சிறிதளவு இருக்கும் கொழுப்பு போன்ற பொருள்) மொத்த ஸ்டெராலில் 0.1%-ஐத் தாண்டினால் கனோலாவின் மீதான சந்தேகம் வலுக்கும்.

கே: ஒலிக் அமிலம் 74% என்று கண்டு, 'தூய ஆலிவ் எண்ணெய்' என ஓர் ஆய்வகம் சான்றளித்துள்ளது. நம்பலாமா?

ப: கூடாது. கொழுப்பமில அளவுகளைக் கொண்டு கலப்படத்தை நிறுவலாம். தூய்மையை நிறுவ முடியாது. இதை எத்தனை முறை எழுதினாலும் இத்தகைய சான்றிதழ்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஒலிக் அமிலத்துக்கான வரம்பே 55 முதல் 85% வரை விரிந்திருக்கிறது. லினோலெயிக் 8% உள்ள நல்ல எண்ணெயில் பத்தில் ஒரு பங்கு சாதாரணச் சூரியகாந்தி எண்ணெயைக் கலந்தால் அந்த அளவு ஏறக்குறைய 13% ஆகும். வரம்போ 21%, ஆகவே அறிக்கையில் ஒரு குறையும் தென்படாது. ஒலிக் அமிலம் மிகுந்த சூரியகாந்தி எண்ணெயாக இருந்தால் அந்த ஏற்றமும் இராது. அங்கே ஸ்டெரால்களைத்தான் பார்க்க வேண்டும், சூரியகாந்தியில் மிகுந்திருக்கும் டெல்டா-7-ஸ்டிக்மாஸ்டெனால் பொதுவாக 0.5%-ஐத் தாண்டக் கூடாது. ஹேசல்நட் என்னும் கொட்டையின் எண்ணெய் கொழுப்பமில அமைப்பில் ஆலிவ் எண்ணெயைப் பெரிதும் ஒத்திருப்பதால், குறிப்பிட்ட சில டிரைகிளிசரைடுகளின் (கொழுப்பமிலங்கள் மூன்று சேர்ந்த கொழுப்பு மூலக்கூறுகள்) கோட்பாட்டு அளவையும் அளந்து கண்ட அளவையும் ஒப்பிடும் டெல்டா இசிஎன்-42 சோதனையையும் கேட்க வேண்டும். கொழுப்பமிலங்களை எளிதில் ஆவியாகும் மெத்தில் எஸ்டராக்கி, அவற்றைப் பிரித்தளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபில் ஒரு முறை ஓட்டிவிட்டுத் 'தூயது' என்று முத்திரை குத்துவது, காசு கொடுத்து எண்ணெய் வாங்குபவருக்குச் செய்யும் அநீதி.

கே: கடலை எண்ணெய் கலந்தால் தெரியுமா?

ப: நன்றாகத் தெரியும். கடலை எண்ணெயில் பெஹெனிக் அமிலம் 3%, லிக்னோசெரிக் அமிலம் 1.5% அளவில் இருக்கும். ஆலிவ் எண்ணெயில் இரண்டும் தலா 0.2%-க்குள் அடங்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு கலந்தாலே பெஹெனிக் வரம்பை மீறிவிடும்.

கே: அறிக்கையை இணைத்துள்ளேன். டிரான்ஸ் ஒலிக் 0.15%. கலப்படமா?

ப: டிரான்ஸ் ஒலிக் என்பது சூடாக்கிச் சுத்திகரிக்கும்போது ஒலிக் அமிலம் கொள்ளும் மாற்று வடிவம். எண்ணெய் எந்த வகை என்பதை எழுதாமல் இக்கேள்வியைக் கேட்பதில் பயனில்லை. எக்ஸ்ட்ரா விர்ஜின் (சுத்திகரிக்காத உயர்தர எண்ணெய்) என்றால் வரம்பு 0.05%, சுத்திகரித்த எண்ணெய் கலந்திருக்கிறது என்று கொள்ளலாம். பிழிந்த சக்கையிலிருந்து எடுக்கும் பொமேஸ் எண்ணெய்க்கு 0.4% வரை அனுமதி உண்டு. புட்டியின் முன்பக்கத்தைப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். ஸ்டெரால் அறிக்கையையும் சேர்த்து அனுப்புங்கள்.