எலும்பு ஸ்லைடு ஒன்றில் கறுப்பாகவும் இன்னொன்றில் ரோஸாகவும் இருப்பது ஏன்? மூன்று தசைகளையும் எப்படிப் பிரித்தறிவது?

பிசியோதெரபி முதலாண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு எலும்பு ஸ்லைடில் கறுப்புப் பூச்சிகள் மாதிரி தெரிகிறது, இன்னொன்றில் ஒரே ரோஸ் நிறம், புத்தகப் படம் இரண்டோடும் ஒத்துப்போகவில்லை, தசையோ மூன்றும் ஒன்றுபோலவே இருக்கிறது என்பது உங்கள் கேள்வி.

நான் பாடம் நடத்தியவன் இல்லை. ஒரு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் பல வருடம் ஸ்லைடு தயாரித்துக் கொடுத்தவன். அதனால் சமையல்கட்டுப் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

மற்றத் திசுக்களை மெழுகில் பதித்து மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் சீவிவிடலாம். எலும்பு அப்படிச் சீவ வராது, பிளேடுதான் போகும். எனவே இரண்டு வழி. முதல் வழியில், காய்ந்த எலும்பை ரம்பத்தால் மெல்லிய துண்டாக அறுத்து, கண்ணாடித் தட்டில் கார்போரண்டம் என்ற உரசும் தூளும் தண்ணீரும் விட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்து தெரிகிற அளவுக்கு மெலிய வேண்டும். விரல் நுனியும் சேர்ந்தே தேயும். இதுதான் கிரவுண்ட் செக்‌ஷன். எலும்பின் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் உப்புகள், அப்படியே இருக்கும், ஆனால் செல்கள் எப்போதோ காய்ந்து போயிருக்கும். செல் இருந்த குழியில் காற்று அடைத்துக்கொள்ளும். அந்தக் காற்றுதான் உங்கள் கறுப்புப் பூச்சி. ஒட்டுகிற பால்சம் கொஞ்சம் இளகலாக இருந்துவிட்டால் அது குழிக்குள் புகுந்து காற்றை விரட்டிவிடும், பூச்சியின் கால்கள் மறைந்துவிடும். அப்படி நான் கெடுத்த ஸ்லைடுகள் நிறைய.

இரண்டாவது வழி, எலும்பை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் சில நாள் ஊறப்போடுவது. சுண்ணாம்பு கரைந்து, கொலாஜன் என்ற நார்ப் புரதம் மட்டும் மிஞ்சும். ஊசியால் குத்தினால் தடையில்லாமல் இறங்கினால் பதம் சரி என்று அர்த்தம். அதற்குப் பிறகு மற்றத் திசு மாதிரியே சீவி, சாயம் ஏற்றலாம். இதில் கொலாஜன் ரோஸாகவும் செல்கள் ஊதா உட்கருவோடும் தெரியும், ஆனால் வளையங்களும் மெல்லிய கால்களும் மங்கிப்போகும். ஆக இரண்டு ஸ்லைடுமே பாதி எலும்புதான். புத்தகத்தில் இருப்பது இரண்டையும் சேர்த்து ஒருவர் கையால் வரைந்த படம், அது எந்த மைக்ரோஸ்கோப்பிலும் தெரியாது.

வீட்டிலேயே சோதிக்கலாம். கோழிக் கால் எலும்பை வினிகரில் சில நாள் போட்டு வையுங்கள், ரப்பர் மாதிரி வளையும். இதற்கு நேர் எதிரானதைச் சுடுகாட்டில் அஸ்தி எடுக்கும்போது பார்த்திருப்பீர்கள். எலும்பு உருவம் மாறாமல் கிடக்கும், கை பட்டால் பொடிந்துவிடும். அங்கே கொலாஜன் எரிந்துபோய் சுண்ணாம்பு மட்டும் மிச்சம். விறைப்பு சுண்ணாம்பால், முறியாமல் தாங்கும் குணம் கொலாஜனால்.

சரி, அந்த வளையங்கள். கெட்டி எலும்பில் ஒவ்வொரு வளையக் கூட்டமும் ஒரு ஆஸ்டியான். அகலம் சுமார் 0.2 மில்லிமீட்டர், எலும்பின் நீளவாக்கில் ஓடும் தூண் அது. நடுவில் ரத்தக்குழாய் போகும் துவாரம் ஹாவர்ஸ் குழாய். 1691-இல் அதை விவரித்து எழுதிய கிளாப்டன் ஹாவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரின் பெயர். அவரோ அதில் மஜ்ஜையின் எண்ணெய் ஓடுகிறது என்றுதான் நினைத்தார். சுற்றியுள்ள அடுக்குகளில் கொலாஜன் இழைகள் ஒரு அடுக்கில் ஒரு பக்கம், அடுத்ததில் வேறு பக்கம் சாய்ந்திருக்கும், பிளைவுட்டில் மரத்தாளை மாற்றி மாற்றி ஒட்டுகிற அதே உத்தி. அடுக்குகளுக்கு நடுவே குழிகளில் எலும்பு செல்கள். சுண்ணாம்பின் ஊடே எதுவும் ஊறிப் போகாது என்பதால், பக்கத்துச் செல்லோடு மெல்லிய வாய்க்கால்களால் (கறுப்புப் பூச்சியின் கால்கள் இவைதான்) கைகோத்து, ரத்தக்குழாயிலிருந்து வருவதைக் கைமாற்றிக் கைமாற்றி வாங்கிக்கொள்ளும்.

மாணவர்கள் இதை மரத்தின் வளையம் என்று சொல்லிப் பழகிவிடுகிறார்கள். எனக்கு அந்த உவமை பிடிக்காது. மரத்தில் வெளி வளையம்தான் புதியது, ஆஸ்டியானில் வெளி வளையம்தான் பழையது. பல உட்கரு கொண்ட ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற பெரிய செல்கள் பழைய எலும்பை அரித்து முதலில் சுரங்கம் தோண்டும். பின்னாலேயே வரும் ஆஸ்டியோபிளாஸ்ட்கள் சுரங்கச் சுவரிலிருந்து உள்நோக்கி ஒவ்வொரு அடுக்காகப் பூசிக்கொண்டே வரும். நடுவில் ரத்தக்குழாய்க்கு மட்டும் இடம் விட்டு நிறுத்தும். புதுச் சுரங்கம் பழைய ஆஸ்டியானைப் பற்றிக் கவலைப்படாமல் வெட்டிக்கொண்டு போகும். அதனால்தான் முழு வட்டங்களுக்கு இடையில் அரை வட்டமும் கால் வட்டமுமாகத் துண்டுகள் கிடக்கின்றன. நேற்றைய கோலம் சரியாக அழியாத வாசலில் இன்றைய கோலத்தைப் போட்டது போல. பெரியவர்களின் எலும்பில் வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம் இப்படிப் புதிதாகிறது. அந்த அரை வட்டத்தைத் தேர்வில் யாரும் கேட்பதில்லை, எனக்கு ஸ்லைடிலேயே பிடித்த இடம் அதுதான்.

தசைக்கு வருவோம். மாணவர்கள் எல்லோரும் இழையின் குறுக்கே ஓடும் வரியைத் தேடுகிறார்கள். நான் உட்கருவைத் தேடச் சொல்வேன். எலும்போடு ஒட்டியிருக்கும் எலும்புத்தசையின் ஒரு இழை என்பது பல செல்கள் ஒன்றாக இணைந்து உருவான ஒரே நீளச் செல். உள்ளே முழுக்க இழைக்கட்டுகள் அடைத்திருப்பதால் உட்கருக்கள் விளிம்புக்குத் தள்ளப்பட்டு வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். இதயத்தசையில் உட்கரு நடுவில், பெரும்பாலும் ஒன்று, இழைகள் கிளை பிரிந்து பக்கத்து இழையோடு சேரும். செல்லும் செல்லும் சேரும் இடத்திலுள்ள இன்டர்கலேட்டட் டிஸ்க்கைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், சாதாரண சாயத்தில் அது சரியாகத் தெரியாது. குடல் சுவர் போன்ற இடங்களிலுள்ள மென்தசையில் வரியே இல்லை. இரு முனையும் கூரான செல், நடுவில் ஒரு உட்கரு. குறுக்கே வெட்டியிருந்தால் சின்னதும் பெரியதுமாக வட்டங்கள் இருக்கும், சிலவற்றில் மட்டும் நடுவில் ஊதாப் புள்ளி. நூல் நூற்கும் கதிர் மாதிரியான செல்லை எந்த இடத்தில் கத்தி வெட்டியதோ அதைப் பொறுத்தது.

வரி தெரியவில்லை என்று எல்லோரும் வெளிச்சத்தைக் கூட்டுவார்கள். குறைக்க வேண்டும். கண்டென்சருக்கு (ஸ்லைடுக்குக் கீழே வெளிச்சத்தைக் குவிக்கும் லென்ஸ்) அடியிலுள்ள டயஃப்ரம் என்ற திறப்பைக் கொஞ்சம் மூடிப் பாருங்கள், வரி எழும்பி வரும்.

அந்த வரி என்ன? கறுத்த பட்டையில் தடித்த மயோசின் இழைகள், வெளுத்த பட்டையில் மெல்லிய ஆக்டின் இழைகள் மட்டும். வெளுத்த பட்டையின் நடுவே இசட் கோடு. ஒரு இசட் கோட்டிலிருந்து அடுத்தது வரை ஒரு சார்கோமியர், சுமார் 2.5 மைக்ரான். தசை சுருங்கும்போது வெளுத்த பட்டை குறுகும், கறுத்த பட்டை அளவு மாறாது. அப்படியானால் இழைகள் சுருங்கவில்லை, ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. 1954-இல் நேச்சர் இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு குழுக்கள் இதைத் தனித்தனியாக எழுதின: ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்கேயும் ஒரு பக்கம், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் இன்னொரு பக்கம். இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர்கள் இல்லை, வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆக்டினைப் பிடித்த பிடியை மயோசின் விடவேண்டுமென்றால், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி வேண்டும். உயிர் போனபின் ஏடிபி தீர்ந்துவிடும், பிடி பிடித்தபடியே நின்றுவிடும். சாவு வீட்டில் பெரியவர்கள் தாடைக்கட்டு கட்டவும் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டவும் அவசரப்படுத்துவது இந்த விறைப்பு வருவதற்குள் முடிக்கத்தான்.

கடைசியாக ரெக்கார்டு நோட்டு. எச் அண்ட் ஈ சாயத்தின் (ஹீமடாக்சிலின், ஈயோசின்) நிறங்களில் வரும் பென்சில் வாங்கியிருப்பீர்கள், எல்லாவற்றையும் ரோஸும் ஊதாவுமாக வரையத் தோன்றும். கிரவுண்ட் செக்‌ஷனில் சாயமே கிடையாது. அதற்குச் சாதாரண பென்சில் போதும்.