வாடகை வீட்டுக்கு வெளியே கமரா: இன்டர்நெட் கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்பலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு தனி வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். வாயிற்கதவுத் தூணில் ஒரு கமராவும், பின்புற அனெக்ஸில் குடியிருக்கும் தம்பிக்காக ஒரு வைஃபை கருவியும் பொருத்த வேண்டும். சுவரில் புதிதாகத் துளை போடவோ, வெளியே பிளக் பொயின்ட் எடுக்கவோ வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. இன்டர்நெட் கேபிள் வழியாகவே மின்சாரமும் கொடுக்கலாம் என்று கமரா பொருத்துபவர் சொல்கிறார். மழையில் ஷாக் அடிக்குமோ என்று அம்மா பயப்படுகிறார். எதை நம்பி வாங்குவது?

பதில்: முதலில் அம்மாவின் பயத்தைத் தீர்த்துவிடுவோம். ‘பவர் ஓவர் ஈதர்நெட்’ (சுருக்கமாக பி.ஓ.ஈ.) என்னும் இந்த முறையில் கேபிளில் ஓடுவது சுமார் 48 வோல்ட் நேர்மின்னோட்டம் மட்டுமே. கேபிளுக்கு மின்சாரம் ஊட்டும் ‘இன்ஜெக்டர்’ தரத்துக்கு உட்பட்டதாக இருந்தால், மறுமுனையில் இருப்பது மின்சாரம் கேட்கும் கருவிதானா என்று சிறு மின்னழுத்தம் அனுப்பிச் சோதித்த பிறகே அது முழு மின்சாரத்தையும் விடும். கேபிள் அறுந்தாலும், எலி கடித்துக் கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலும் தானாகவே நிறுத்திவிடும். பயப்பட வேண்டியது 230 வோல்ட் எக்ஸ்டென்ஷன் வயரை ஜன்னல் வழியாக இழுத்து, அதன் தலையில் ஒரு பொலித்தீன் பையைக் கட்டி மழையில் விடும் வழக்கத்துக்குத்தான். அதைவிட இது பல மடங்கு பாதுகாப்பானது.

வாங்கும்போது 802.3 ஏ.எஃப். அல்லது ஏ.டி. என்ற குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். 2003 இல் வந்த ஏ.எஃப். தரத்தில் கருவியைச் சென்றடைவது 12.95 வாட், அசையாமல் ஒரே திசையைப் பார்க்கும் சாதாரணக் கமராவுக்கு அது பொதுவாகப் போதும். சுழலும் கமரா என்றால் 2009 இல் வந்த ஏ.டி. தரத்துக்குச் செல்லுங்கள், அதில் 25.5 வாட் கிடைக்கும். தூர எல்லை 100 மீற்றர். உங்கள் வளவுக்கு அது தாராளம்.

இனி எச்சரிக்கைக்கு வருகிறேன். ‘பி.ஓ.ஈ. ஸ்பிளிட்டர்’ என்ற பெயரில், இரு முனைக்கும் இரண்டு சிறு இணைப்பிகளாக ஒரு மலிவுச் சோடியை உங்களிடம் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அது 48 வோல்ட் முறையே அல்ல. கமராவின் 12 வோல்ட்டை அப்படியே மெல்லிய கம்பிக்குள் திணிப்பது. 12 வோல்ட்டில் ஒரு அம்பியர் இழுக்கும் கமராவை 30 மீற்றருக்கு அப்பால் வைத்தால் வழியிலேயே இரண்டரை வோல்ட்டுக்கு மேல் விழுந்துவிடும். பகலில் படம் நன்றாகவே வரும், பொருத்தியவரும் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கி மின்னழுத்தம் இன்னும் இறங்க, கமரா அணைந்து, மீண்டும் எழுந்து, மறுபடியும் அணையும். திருடனுக்கு வசதியான நேரத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்ளும் காவலாளி அது.

அதைவிடப் பெரிய மோசடி கேபிளிலேயே நடக்கிறது. அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பை மெல்லிய தோலாகப் பூசிய கேபிள், பெட்டியில் ‘கெட் 6’ என்ற தரக் குறிப்பைப் பெரிய எழுத்துகளில் தாங்கி விற்கப்படுகிறது. அதன் மின்தடை தூய செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, வளைத்தால் முறியும், கடற்காற்றில் வெகுவிரைவில் அரிக்கும், அதிலும் வெள்ளவத்தைக் கடற்காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு சாண் துண்டு கேட்டு வாங்கி, உள்ளே ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். செம்பின் அடியில் வெள்ளி நிறம் தெரிந்தால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். பெட்டியில் எதை அச்சடித்தாலும் கேட்பாரில்லாத ஊரில், வாங்குபவரே பிளேடும் கையுமாகப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போக வேண்டியிருப்பது எரிச்சலூட்டுகிறது. வேறு வழியும் இல்லை.

ஆகவே ‘கமரா, கேபிள், கூலி எல்லாம் சேர்த்து இவ்வளவு’ என்ற பொதிக்குச் சம்மதிக்க வேண்டாம். அந்தப் பொதியில் இலாபம் ஒளிந்திருக்கும் இடம் கேபிள். வீடு பிடித்துத் தந்த புரோக்கர் ‘நம்ம பையன்’ என்று ஒருவரை அனுப்பினால், புரோக்கரின் பங்கும் அதே கேபிளிலிருந்துதான் போகும். கேபிளை நீங்களே வாங்குங்கள், கூலியை மட்டும் பேசுங்கள். கறுப்பு நிறப் பொலித்தீன் மேலுறை கொண்ட, வெளிப்புறத்துக்கென்றே செய்த தூய செம்புக் கேபிளாக இருக்கட்டும். வீட்டுக்குள் போடும் சாம்பல், நீல நிறக் கேபிள்களின் உறை கொழும்பு வெயிலில் வெளிறி வெடித்துவிடும். ஜன்னல் இடுக்கில் நுழையும் என்று தட்டையான கேபிளைக் காட்டுவார்கள், அதன் கம்பிகள் மயிரிழை போன்றவை என்பதால் மின்சாரம் அனுப்ப ஆகாது.

துளை போடாமல் வெளியே கொண்டுபோக, பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேல் உள்ள காற்றுத் துளைகளோ, ஏ.சி. குழாய் செல்லும் துவாரமோ போதும். கேபிள் வெளியிலிருந்து உள்ளே நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால் அதைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டு மேலே ஏற்றினால், மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், சுவருக்குள் வராது. ஏற்கெனவே உள்ள பீலிக் குழாயோடு கறுப்புக் கேபிள் டையால் கட்டுங்கள். வீடு மாறும்போது கழற்றி எடுத்துச் செல்லலாம், முற்பணத்தில் கைவைக்க வீட்டுக்காரருக்குக் காரணமும் இராது. ஆயினும் அவருடைய சம்மதத்தை ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கமராப் பெட்டிக்குள் இறப்பர் வளையத்தோடு ஒரு சிறிய பிளாஸ்டிக் உறை இருக்கும். கேபிளின் நுனியில் பிளக்கை அடிப்பதற்கு முன்பே அதைக் கோத்துவிட வேண்டும். அவசரத்தில் பிளக்கை முதலில் அடித்துவிட்டு, நுழையாத உறையைத் தூக்கி எறிந்து, இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டுப் போவது பலருடைய வழக்கம். அந்த டேப் வெயிலில் பிசுபிசுத்து, மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பும் ஈரமும் நேர்மின்னோட்டமும் சேர்ந்தால் பிளக்கின் ஊசிகள் பச்சை பூத்து அரித்துப் போகும். பக்கத்தில் நின்று பாருங்கள்.

இதுவரை சொன்னது தூணில் வைக்கும் கமராவுக்கு. தம்பியின் அனெக்ஸுக்கு இதைச் செய்யாதீர்கள். அனெக்ஸ் தனிக் கட்டடமாகவும், அதற்குத் தனி மீற்றரும் தனி எர்த்தும் உள்ளதாகவும் இருந்தால், அருகில் இடி விழும்போது இரண்டு எர்த்துகளுக்கும் இடையே ஒரு கணம் பெரும் மின்னழுத்த வேறுபாடு உண்டாகும். இடையில் செம்புக் கேபிள் கிடந்தால் அந்த வேறுபாடு உங்கள் ரூட்டர் வழியாகவும் தம்பியின் கருவி வழியாகவும் பாயும். பத்தடி தூரம்தானே என்று நினைக்க வேண்டாம், இங்கே தூரம் ஒரு பொருட்டல்ல, எர்த் இரண்டாக இருப்பதே பிரச்சினை. ஒரே கட்டடத்தில் மேல்மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் தனித்தனி மீற்றர் இருந்து எர்த் ஒன்றாக இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. வாயில் தூணுக்குத் தனி எர்த் கிடையாது, ஆகவே அங்கும் இல்லை. அனெக்ஸுக்கு உலோகம் கலவாத ஃபைபர் கேபிளைக் கொண்டுசென்று, கருவிக்கான மின்சாரத்தை அங்குள்ள பிளக் பொயின்டிலேயே எடுத்துக்கொள்ளட்டும். தம்பியின் மின் பட்டியல் சில ரூபாய்கள் கூடலாம்.

இடிதாங்கிப் பெட்டி என்று ஒன்றையும் கமராவோடு விற்பார்கள். உங்கள் பிளக் பொயின்டில் எர்த் உண்மையிலேயே இணைக்கப்பட்டிருந்தால்தான் அதற்குப் பயன் உண்டு. முதலில் ஒரு எலெக்ட்ரீஷியனைக் கொண்டு அதைச் சோதியுங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமுழக்கம் தொடங்கினால், இன்ஜெக்டரிலிருந்து வெளியே செல்லும் பிளக்கைக் கழற்றிவிடுவது அதைவிட நிச்சயமான வழி.

வேலை முடிந்ததும் முழுக் கூலியையும் கொடுத்துவிடாதீர்கள். இரவு கமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரிந்த பின் படம் விட்டுவிட்டு வருகிறதா என்று கைப்பேசியில் பார்த்துவிட்டு, மீதியை மறுநாள் காலையில் கொடுங்கள்.