பினாங்கு மருந்தைச் செந்தூலில் எடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, இனிப்புநீர் நோய். பினாங்கு ஜி.எச்.சில் பார்க்கிறார், இரண்டு வேளை இன்சுலின். மூன்று மாதம் என்னோடு இருக்கட்டும் என்று கூப்பிட்டால், "மாசா மாசம் மருந்து எடுக்க யார் பஸ் ஏறி வர்றது?" என்று மறுக்கிறார். இங்கேயே எடுக்க வழி உண்டா? இன்சுலினை எப்படிக் கொண்டு வருவது?
– ஒரு மகள், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: தாராளமாகக் கூட்டி வாருங்கள், சகோதரி. ஓரிடத்தில் எழுதிய மருந்தை வேறு ஊரில் எடுத்துக்கொள்ள எஸ்.பி.யு.பி. என்று ஓர் ஏற்பாடு அரசாங்க மருத்துவமனைகளில் பல வருடமாக இருக்கிறது, கேட்காததால்தான் பலருக்கும் தெரிவதில்லை. அம்மா அடுத்த முறை மருந்து எடுக்கும்போது அங்குள்ள மருந்தகக் கவுண்டரிலேயே, "மிச்ச மாதங்களைக் கோலாலம்பூரில் எடுக்கிறேன்" என்று சொல்லி, உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள அரசாங்க கிளினிக் அல்லது மருத்துவமனையின் பெயரைக் கொடுத்தால் போதும், ஏற்பாடு செய்து தருவார்கள். கிளம்பும் அன்று காலையில் போய்க் கேட்காதீர்கள், சில மருந்துகள் சிறிய கிளினிக்கில் இருக்காது, அதை அவர்கள் முன்கூட்டியே பார்க்கவேண்டும். ஐ.சி.யும் (அடையாள அட்டை) மருந்துச் சீட்டும் கையில் இருக்கட்டும். ஒன்றைக் கவனியுங்கள்: இது மருந்து எடுப்பதற்கு மட்டும்தான். டாக்டரைப் பார்க்கும் தேதி அந்த மூன்று மாதத்துக்குள் வந்தால், முன்பே மருத்துவமனைக்குக் கூப்பிட்டுத் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள், சும்மா விட்டுவிடாதீர்கள்.

இனி இன்சுலின். இதில்தான் நிறைய பேர் தவறு செய்கிறார்கள். என் பெரியம்மா ஒருமுறை ஈப்போவிலிருந்து வரும்போது, கெட்டுவிடக்கூடாதே என்ற பயத்தில் இன்சுலின் ஊசிப் பேனாவை ஐஸ் கட்டியோடு ஒட்டவைத்துத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தால் உள்ளே உறைந்து கிடந்தது. உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது, அத்தனையும் குப்பைக்குத்தான் போனது. திறக்காத பேனாக்கள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும், அதனால் குளிர்பையில் வைத்து, ஐஸுக்கும் பேனாவுக்கும் நடுவே ஒரு தடித்த துண்டு போடுங்கள். போட்டுக்கொண்டிருக்கும் பேனாவுக்கு ஐஸே வேண்டாம், 30 டிகிரிக்குக் கீழே பெரும்பாலான இன்சுலின் 4 வாரம் தாங்கும், திறந்த தேதியை அதன்மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். பஸ்ஸுக்கு அடியில் பெட்டி வைக்கும் இடத்தில் மட்டும் போடவே கூடாது, அந்தச் சூட்டில் வீணாகிவிடும். பட்டர்வொர்த்திலிருந்து இ.டி.எஸ். ரயிலில் வந்தாலும் பை அம்மாவின் மடியிலேயே இருக்கட்டும்.

அப்புறம், வழியில் சாப்பாடு தள்ளிப்போகும். கை நடுங்கி, குப்பென்று வியர்த்தால் சீனி இறங்கிவிட்டது என்று அர்த்தம். இரத்தச் சீனி பார்க்கும் மானியில் 4 mmol/L-க்குக் கீழே காட்டினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்கவேண்டும், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்கவேண்டும். சீனியைச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அந்தப் பையிலேயே போட்டுவிடுங்கள்.

கேள்வி: இன்சுலின் போட்ட ஊசிமுனைகளைக் குப்பையில் போடலாமா?
– வாசகர், ஜெலுத்தோங்

பதில்: வேண்டாம், குப்பை அள்ளுகிறவர் கையில் குத்தும். துணி சோப்பு வரும் கெட்டி பிளாஸ்டிக் போத்தலில் போட்டு மூடி வையுங்கள், முக்கால்வாசி நிரம்பியதும் இறுக மூடி, மருந்து எடுக்கும் கிளினிக்கில் கொடுக்கலாமா என்று தாதியிடம் கேளுங்கள்.